மூன்றாவது காபி

பேராசிரியை யாகோதா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மர அடிஸ்கேலை எடுத்து, அட்டவணையின் முதல் வரிக்குக் கீழே படுக்க வைத்தார். எதிரில் உட்கார்ந்திருந்த மெரிமா, தான் கொடுத்த தாளைத் தலைகீழாகவே படித்தாள். குளிர்காலத்தில் சூடாக்கும் அறை ஒன்று. பசு ஒன்று. வாரத்தில் கறி சமைத்த நாள் இரண்டு. போன மாதம் ஒரு வேளையாவது சாப்பாடு இல்லாமல் இருந்ததுண்டா? இல்லை. அடிஸ்கேல் ஒரு வரி கீழே இறங்கியது. ஒன்று, ஒன்று, இரண்டு, இல்லை. இன்னொரு வரி இறங்கியது. துணிக்கடையில் முழம் போடுகிறவரின் நிதானத்தோடு அது பதினாலு தடவை இறங்கி, தாளின் அடியில் வந்து நின்றது. பதினாலு வரியும் ஒரே அச்சில் வார்த்த செங்கல் மாதிரி இருந்தன.

"போத்லிபேல எத்தனை வைக்கோல் போர் பாத்தே?" என்று கேட்டார் யாகோதா.

மெரிமா யோசித்தாள். சரயேவோவிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் மலைச்சரிவில் இருந்தது போத்லிபே. அடுப்புப் புகை வருகிற வீடு பதினாலுதான், ஆகவே கணக்கெடுக்க மாதிரிக்குச் சில வீடுகளைப் பொறுக்காமல் எல்லா வீட்டுக்கும் போயிருந்தாள். வைக்கோல் போர் ஒன்று நினைவில் இருந்தது. பசுவும் ஒன்றுதான், பழுப்பு நிறத்தில், நெற்றியில் வெள்ளைத் திட்டோடு. மற்ற பதின்மூன்று பசுக்களும் மேயப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொண்டது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"ஒண்ணு, மேடம்."

"பதினாலு மாட்டுக்கு ஒரு போரு. ரொம்பக் கட்டுப்பாடான மாடுங்க." யாகோதா சிரிக்கவில்லை. அடிஸ்கேலை மறுபடி இழுப்பறைக்குள் வைத்தார். "நீ எழுதின பரீட்சையிலதான் இதுக்கு நல்ல பதில் இருந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வளர்ச்சித் துறை முதுகலையில் ஆய்வு முறைகள் பாடத்தின் மூன்றாவது வாரம். வீடு வீடாகப் போக வேண்டிய கணக்கெடுப்பாளர் காபிக் கடையில் உட்கார்ந்து தானே படிவங்களை நிரப்பினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கேள்வி. மெரிமா ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். பொய் சொல்கிறவன் சோம்பேறி, அவன் வீடுகள் ஒன்றுக்கொன்று சாயலாக இருக்கும் என்று முடித்திருந்தாள். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். யாகோதா அதை வாய்விட்டு வாசித்துக் காட்டினார்.

போலியாக நிரப்பியிருந்தால் இதைவிட நன்றாக நிரப்பியிருப்பேன் என்று மெரிமா சொன்னாள். சொன்ன பிறகுதான் அது எப்படிக் காதில் விழுகிறது என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதுதான் எனக்கும் புரியல" என்றார் யாகோதா. "உன்னைப் பத்தி எனக்குத் தெரியும். குழுவுல இருக்கிற மத்த ரெண்டு பேருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உக்காருறோம். இதுக்கு ஒரு காரணம் வேணும். போனேன், வந்தேன்கிறது பத்தாது, போனவங்களும் காபிக் கடையில உக்காந்து எழுதலாம். காரணம் இல்லேன்னா பட்டம் இல்லை. அவ்வளவுதான்."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

மெரிமாவின் அப்பாவும் அம்மாவும் பிர்ச்கோ பக்கத்துப் பெரிய சந்தையில் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் விற்பவர்கள். மகள் என்ன படிக்கிறாள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டால், ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான் என்று படிக்கிறாள், அஞ்சு வருஷமாகப் படித்தும் கண்டுபிடிக்கவில்லை, அநேகமாக விஷயம் ரொம்பப் பெரியது என்று அப்பா சொல்வார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருக்கும் பெருமையை மீட்டர் கணக்கில் வெட்டி விற்கலாம். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தக் கடை வாசலில் போய் நின்று, மோசடி செய்ததாக வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று சொல்வதை மெரிமா நினைத்துப் பார்த்தாள். அப்பா கத்த மாட்டார். துணியை மடிப்பார். மடித்ததையே பிரித்து மறுபடி மடிப்பார்.

டிராமில் ஓக்னியன் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வகுப்புத் தோழன். எண்களில் கெட்டிக்காரன், சமாதானம் சொல்வதில் சுமார். அட்டவணையை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஐந்து நிமிஷ வேலை என்றான். நாலு வீட்டில் கறியை மூன்றாக்கு, இரண்டு வீட்டில் பசுவைக் கொல்லு, ஒரு வீட்டில் ஒரு வேளை பட்டினி போடு, படிவத்திலிருந்து கணினிக்கு ஏற்றும்போது தப்பாகிவிட்டது, இதுதான் சரியானது என்று கொடு.

"கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மொளகு. அப்பதான்டி சமையல் மாதிரி இருக்கும். இப்ப இருக்கிறது ஆஸ்பத்திரிக் கஞ்சி."

"உண்மையா எழுதினதை மறைக்க நான் பொய்யா எழுதணுமா?"

"உண்மை இந்த மாதிரி உடுத்திக்கிட்டு வெளிய வரக் கூடாதுங்கிறேன்."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது. அவனுக்கு முகம் கொடுக்காமல் மெரிமா தன் குறிப்பேட்டைப் பிரித்தாள். படிவத்தில் இடம் இல்லாததையெல்லாம் தனியாக ஒரு நோட்டில் எழுத வேண்டும், எந்தக் கேள்வியில் என்ன தடங்கல் வந்தது, யார் எழுந்து போனார், யார் உள்ளே வந்தார், எத்தனை மணி எல்லாம் எழுத வேண்டும் என்பது யாகோதாவின் கட்டளை. மற்ற மாணவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். மெரிமா விடவில்லை. அந்த நோட்டின் எழுத்து முதல் பக்கத்தில் முத்து முத்தாக இருந்தது. மூன்றாவது நாள் பக்கத்தில் கோழி நடந்த மாதிரி இருந்தது. காரணம் காபி. மூன்று நாளில் பதினாலு வீடு, வீட்டுக்கு மூன்று. நாற்பத்திரண்டு கோப்பை உள்ளே போனால் எந்தக் கையும் ஆடத்தான் செய்யும்.

மூன்று என்பது அவள் கேட்டு வாங்கியதல்ல. விருந்தாளி வந்ததும் ஒரு காபி, அது வா என்பதற்கு. நடுவில் ஒன்று, பேசு என்பதற்கு. கடைசியாகக் கேட்காமலே ஒன்று வரும். அதைக் குடித்ததும் எழுந்துவிட வேண்டும். போ என்று எந்த வீட்டிலும் வாயால் சொல்வதில்லை, காபி சொல்லிவிடும். நல்ல வீட்டில் வளர்ந்த பெண் மூன்றாவது கோப்பையைப் பார்த்ததும் கைப்பையைத் தேடுவாள். மெரிமா நல்ல வீட்டில் வளர்ந்தவள்.

முதல் வீடு, பத்து இருபத்தைந்து. மூன்றாவது காபி, கேள்வி பத்தொன்பது. இரண்டாவது வீடு, பன்னிரண்டு ஐந்து. மூன்றாவது காபி, கேள்வி பத்தொன்பது. அவள் பக்கத்தைத் திருப்பினாள். ஒன்று நாற்பது, பத்தொன்பது. மூன்று பத்து, பத்தொன்பது. சில வீட்டில் அந்தக் கேள்விக்கு வர அரை மணி ஆகியிருந்தது, சில வீட்டில் ஒன்றேகால் மணி. ஒருவர் பேச்சுக்காரர், ஒருவருக்குக் காது மந்தம், ஒரு வீட்டில் அடுப்பு அணைந்துபோய் மறுபடி மூட்டினார்கள். எப்படிப் போனாலும், போன மாதம் ஒரு வேளையாவது என்று அவள் வாயைத் திறந்ததும் தட்டு வந்திருந்தது. இல்லை என்ற பதில் கோப்பையோடு சேர்த்துக் கையில் வைக்கப்பட்டிருந்தது. மிச்சம் ஐந்து கேள்வியையும் அவள் நின்றபடியே கேட்டிருந்தாள்.

"என்னடி, சிரிக்கிறே?" என்றான் ஓக்னியன்.

அவள் சிரித்தது தன்னைப் பார்த்துத்தான். சந்தையில் அவர்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் வண்டியில் வந்தவர் முதல் கடையில் விலை கேட்பார். அங்கே சொன்ன விலை அவருக்கு முன்னால் நடந்து போய் நாலாவது கடையில் காத்திருக்கும். எப்படிப் போகிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒரு இருமல், ஒரு துணியை உதறுகிற சத்தம், கடன் கேட்கிற மாதிரி ஒருவர் எட்டிப் பார்ப்பது. ஏழு வயதில் அந்த இருமலை இருமியவள் மெரிமா. அவளைப் போத்லிபேயில் ரசியா என்கிற பெண்மணி முதல் வீட்டில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார வைத்து, இருபத்துநாலு கேள்வியையும் வாங்கிக்கொண்டு, இரண்டாவது வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். அடுத்த தெருக்காரி ஊறுகாய் ஜாடி கேட்டு நடுவில் இரண்டு தடவை எட்டிப் பார்த்ததையும் மெரிமா நோட்டில் எழுதியிருந்தாள். எழுதிவிட்டு அர்த்தம் புரியாமல் விட்டிருந்தாள்.

விலை எப்படி ஒன்றானது என்று தெரிந்துவிட்டது. ஏன் அந்த விலை என்பதுதான் தெரியவில்லை. இப்போது அவளுக்குக் குழுவைவிட அதுதான் குடைந்தது.

"உங்க மாமா வண்டி நாளைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ரசியா வீட்டு முற்றத்தில் முட்டைக்கோஸ் மலை குவிந்து கிடந்தது. குளிர்காலத்துக்கு உப்பு நீரில் ஊறப் போடுகிற காலம். ஐம்பது வயது இருக்கும் ரசியாவுக்கு. பூப்போட்ட தலைத்துணி, கணவனுடைய பழைய கோட்டு, கையில் ஒரு கத்தி. தண்டைக் குடைந்து எடுத்துவிட்டு அந்தக் குழியில் உப்பை அடைத்து, ஒவ்வொன்றாக ஆளுயரப் பீப்பாய்க்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"வந்துட்டியா கண்ணு. பதினாலு வீட்ல ஒண்ணு எண்ணிக்கையில விட்டுப்போச்சோ?"

"உங்களைப் பாக்கணும் போல இருந்துச்சு, அத்தை."

"அதுக்கு ஆளையும் கூட்டிட்டு வந்தியா? பரவால்ல, தோளு இருக்கு இதுக்கு. தம்பி, கோஸ் மேல பாரம் வைக்க அந்தக் கல்லைக் கழுவி எடுத்துட்டு வா. அதில்ல, பெருசு."

ஓக்னியனுக்கு அன்று காலை அவன் வாழ்க்கையில் முதல்முறையாக எண்களோடு சம்பந்தமில்லாத வேலை கிடைத்தது. மெரிமா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ரசியாவின் எதிரில் உட்கார்ந்து, உப்பு அடைக்க ஆரம்பித்தாள். முதல் காபி வந்தது. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். விலை கேட்கிறவர் வந்ததும் பிடித்த துணியைத் தொடக் கூடாது, பிடிக்காத துணியைத்தான் தடவிப் பார்க்க வேண்டும். மெரிமா அறை சூடாக்குவது பற்றியும், விறகு பற்றியும், பள்ளிக்கூடம் மூடினதைப் பற்றியும் தடவிக்கொண்டிருந்தாள். கொட்டகைக்குள்ளிருந்து ஒரு பசு கத்தியது.

"உங்க பசுவா?"

"எங்களுதுதான்."

"போன தடவை அது ஏழாவது வீட்டு வாசல்ல நின்னுச்சு. நெத்தியில வெள்ளைத் திட்டு."

ரசியா ஒரு முட்டைக்கோஸைக் கையில் எடுத்துத் தராசில் வைத்தது மாதிரி ஏற்றி இறக்கிப் பார்த்தாள். "மாடுன்னா நடக்கும்" என்றாள்.

இரண்டாவது காபி வந்தது. இனி சுற்றி வளைத்தால் மூன்றாவது வந்துவிடும் என்று மெரிமாவுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையைப் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னாள். அடிஸ்கேல், பதினாலு வரி, பட்டம். கெஞ்சவில்லை. கெஞ்சினால் விலை ஏறும். யாரும் பொய் சொன்னார்கள் என்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டாள்.

"உதவி வாங்கணும்னா கறி பூஜ்யம்னு சொல்லியிருக்கலாம். பவுசு காட்டணும்னா அஞ்சுன்னு சொல்லியிருக்கலாம். நீங்க எல்லாரும் ரெண்டுன்னு சொன்னீங்க. எங்க சந்தையில வரிசை முழுக்க ஒரே விலை வெச்சா, அது கடைசிக் கடைக்காரிக்குக் கட்டுப்படியாகுற விலையா இருக்கும். அவ பேரு சுவாதா. அவளை வெச்சுத்தான் எல்லாரும் விலை சொல்லுவோம். அவளுக்கு மட்டும் அது தெரியாது. இங்க ரெண்டுங்கிறது யாரோட அளவு, அத்தை?"

கத்தி நின்றது. பீப்பாய்க்குப் பக்கத்தில் ஓக்னியனும் கல்லோடு நின்றான். நிற்கிற கத்தியைப் பார்த்தால் நிற்கத் தெரிகிற அளவுக்கு அவனுக்குப் புத்தி இருந்தது.

"அப்ப நீ நெசமாவே சந்தைக்காரிதான்" என்றாள் ரசியா. பிறகு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் உதவித் திட்டம் என்று வேறு ஒரு கூட்டம் வந்தது. நல்ல பிள்ளைகள், சிரித்த முகம். பள்ளிக்கூடத் தரையில் பெரிய தாளை விரித்து ஊரை வரைந்தார்கள், வீட்டுக்கு ஒரு சதுரம். ஒரு பை நிறையப் பீன்ஸ் விதையைக் கொடுத்து, வசதியான வீட்டுக்கு நிறைய, வசதி குறைந்த வீட்டுக்குக் கொஞ்சம், நீங்களே வையுங்கள், உங்கள் ஊர் உங்களுக்குத்தானே தெரியும் என்றார்கள். ஊரே விளையாட்டு மாதிரி வைத்தது. ஒருவர் வைத்ததை ஒருவர் தள்ளி, சண்டை போட்டு, சிரித்து. முடிந்ததும் எழுந்து நின்று பார்த்தார்கள். ரெஃபிக் வீட்டுச் சதுரத்தில் ஒரே ஒரு விதை. ரெஃபிக் அங்கேயே இருந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து அதைப் பார்த்தார். மரம் அறுக்கிற ஆலை ஓடிய காலத்தில் அங்கே மரம் அளக்கிற வேலை அவருக்கு. ஊரில் முதல் டெலிவிஷன் அவர் வீட்டில்தான் வந்தது, எல்லோரும் அங்கே போய்த்தான் பந்தாட்டம் பார்த்தார்கள். ஆலை போனது. மனைவி நோயில் படுத்துவிட்டாள். தெரியாத விஷயம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிவது வேறு, தரையில் எண்ணி வைப்பது வேறு. வந்தவர்கள் அதைப் புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, அந்த ஒரு விதை வீட்டுக்கு ஒரு கிடாரிக் கன்று வந்தது, காதில் மஞ்சள் வில்லையோடு. மறுநாள் காலையில் அது பள்ளிக்கூட வேலியில் கட்டிக் கிடந்தது. ரெஃபிக் கொண்டுவந்து கட்டியிருந்தார். ஒரு வருஷம் அவர் காபி குடிக்க யார் வீட்டுக்கும் வரவில்லை. கன்றை யாரும் அவிழ்க்கவில்லை, யாரும் பட்டினியும் போடவில்லை. ஆளுக்கு ஒரு கை புல் போட்டதில் அது வளர்ந்தது. திட்டத்தில் வந்ததால் அதற்குத் திட்டம் என்றே பேர் வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்துக் கட்டுகிறார்கள். அதனால் பசு ஒன்று என்று பதினாலு வீடு சொன்னதில் ரசியாவின் கணக்குப்படி ஒரு பொய்யும் இல்லை. பால் எங்கே போகிறது என்று படிவத்தில் கேள்வி இல்லை.

"எங்க போகுது?" என்றாள் மெரிமா.

ரெஃபிக் ரம்பம் தீட்டுவார். ஊரில் யாருக்கு ரம்பம் மழுங்கினாலும் அவரிடம் போகும், கூலியாக ஒரு தூக்குப் பால் போகும். ரம்பம் அடிக்கடி மழுங்குகிறது. மரமே வெட்டாத வீட்டு ரம்பமும் மழுங்குகிறது.

"அவருக்குத் தெரியாது" என்றாள் ரசியா. "நீ ஃபாரத்தைத் தூக்கிட்டு வந்தப்ப, பத்தொம்பதாவது கேள்விக்கு அவரு என்ன சொல்லுவாரு? ஊர்ல ஒரு வீடு மட்டும் வேற மாதிரி வந்தா, மறுபடி அந்த ஒத்தை விதைதான். அதான் அதுக்கு இல்லைன்னும் கறிக்கு ரெண்டுன்னும் வெச்சேன். ரெண்டுன்னா அவரு வாயில வரும். மூணுன்னா வராது."

அதன் பிறகு பேரம் ஆரம்பித்தது. அன்று முற்றத்தில் நடந்ததை மெரிமாவின் அப்பா பார்த்திருந்தால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இதை எழுதினால்தான் எனக்குப் பட்டம் என்றாள் மெரிமா. எழுதினால் வண்டியை ஆற்றில் தள்ளுவேன் என்றாள் ரசியா. வண்டி என் மாமாவுடையது என்றான் ஓக்னியன், இரண்டு பேரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேர் போட மாட்டேன் என்றாள் மெரிமா. பதினாலு வீட்டில் ஒரு வீடு என்று போட்டாலே பேர் போட்ட மாதிரிதான் என்றாள் ரசியா, அது நியாயம். பீன்ஸை மட்டும் எழுதுகிறேன். கூடாது, எடுத்த படம் எங்கேயோ இருக்கிறது. பசுவை எழுதுகிறேன். பசுவையும் கூடாது. சரி, ஊர் கூடிப் பேசி வைத்தார்கள் என்று மட்டும். அப்படியானால் யாருக்காக என்று கேட்பார்கள், நீயே கேட்டாயே.

"என் பேரைப் போட்டுக்கோ" என்றாள் ரசியா கடைசியில். "ரசியாங்கிற பொம்பளை ஊரையே பொய் சொல்ல வெச்சான்னு எழுது. அவ குணமே அப்படின்னு எழுது. நான் கையெழுத்துப் போடுறேன்."

முடியாது என்று மெரிமா சொல்ல வேண்டியிருந்தது. முதல் நாளே அவள் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய தாள் இருக்கிறது: பதில் சொன்னவர் யார் என்று தெரிகிற மாதிரி எதையும் எழுத மாட்டோம். விதியைப் போட்டவர்கள், பேர் போடச் சொல்லி ஒருத்தி அடம் பிடிப்பாள் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

இரண்டு பேரும் மறுபடி உப்பு அடைத்தார்கள். ரசியா எழுந்து உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் தட்டு இருந்தது. செம்புக் குவளை, கைப்பிடியில்லாத சின்னக் கோப்பைகள், சர்க்கரைக் கட்டி. மூன்றாவது காபி. மெரிமாவின் கண் பழக்கப்படி கடிகாரத்துக்குப் போனது. பன்னிரண்டு ஐந்து. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

"அத்தை, காபியை எழுதிக்கலாமா?"

"காபியையா?"

மெரிமா நோட்டைப் பிரித்துக் காட்டினாள். பதினாலு வீடு, பதினாலு நேரம், ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை. இதைக் காபிக் கடையில் உட்கார்ந்து யாரும் கற்பனை செய்ய முடியாது. பதினாலிலும் ஒரே கேள்வியில் தட்டு வந்திருக்கிறது. ஊர் அந்தக் கேள்வியில் கதவைச் சாத்திக்கொண்டது என்று எழுதுவாள். ஏன் சாத்தியது என்று கேட்டால், சாத்தின கதவைத் தட்டக் கூடாது என்று நீங்கள்தானே பாடம் எடுத்தீர்கள் என்பாள். பதில்களைக் குப்பையில் போடச் சொல்வாள், காபியை வைத்துக்கொள்ளச் சொல்வாள். அவர்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியாது. யாகோதாவுக்குப் புரியும், வைக்கோல் போரை எண்ணுகிறவர். மற்ற இரண்டு பேரைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

ரசியா நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். எந்த வீடு என்று எண் போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். எண்ணைக் கிழித்துவிடு, நேரத்தை மட்டும் கலைத்துப் போட்டு எழுது என்றாள். சம்மதம் என்றாள் மெரிமா. உப்புக் கையோடு கை குலுக்கினார்கள்.

"எட்டாம் தேதி ஒருத்தி காபியைச் சீக்கிரம் கொண்டாந்துட்டா போல" என்றாள் ரசியா, ஒரு பக்கத்தைக் காட்டி. "தட்டு பதினெட்டுலயே வாசப்படிக்கு வந்து நின்னிருக்கு பாரு, அடிச்சுப் பத்தொம்பதுன்னு திருத்தியிருக்கே. அவளுக்கு எப்பவும் அவசரம்."

வேலிப் படல் திறந்த சத்தம் கேட்டது. உயரமான, ஒல்லியான ஒருவர் உள்ளே வந்தார். சட்டைக் கழுத்து தேய்ந்து, திருப்பித் தைத்திருந்தது. தொப்பி துலக்கமாக இருந்தது. ஒரு கையில் காலித் தூக்கு, ஒரு கையில் சாக்குத் துணியில் சுற்றிய ரம்பம். மெரிமாவுக்கு முகம் நினைவிருந்தது, ஒன்பதாவது வீடு. மிகச் சரியாக இரண்டு என்று சொன்ன மனிதர்.

"ரசியா, உன் ரம்பம்" என்றார் ரெஃபிக். "இந்த மாசம் மூணாவது தடவை தீட்டுறேன். இனியும் தீட்டினா பல்லே இருக்காது, வெண்ணெய் வெட்டத்தான் ஆகும்."

ரசியா ரம்பத்தை வாங்கிக்கொண்டாள். ரெஃபிக் மெரிமாவைப் பார்த்தார், விரித்த நோட்டைப் பார்த்தார், கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற பையனைப் பார்த்தார்.

"திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியும். முப்பது வருஷம் மரம் அளந்திருக்கேன். ரெண்டு மரம் ஒரே அளவு வந்தாலே திரும்ப அளன்னு சொல்லுவேன். இவகிட்ட அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன், கொஞ்சம் முன்னபின்ன சொல்லச் சொல்லும்மான்னு. சொன்னா, எனக்குத் தெரியும்கிறது இவளுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் இவ முகத்தை நான் எப்படிப் பாக்கிறது? அதான் ரெண்டுன்னு சொல்லிட்டுச் சும்மா இருந்துட்டேன்."

ரசியா ரம்பத்தைச் சாக்கிலிருந்து பிரித்து, பல்லை விரலால் தொட்டுப் பார்த்தாள். அது கூர்மையாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அவள் விரலை எடுக்கவில்லை. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாள், ரம்பத்தைப் பார்த்தபடியே. முதல் ரம்பத்திலிருந்து என்றார் அவர். ஹைரா வீட்டு ரம்பம், சிலந்தி கூடு கட்டியிருந்தது அதில்.

ரெஃபிக் தூக்கைத் தரையில் வைத்துவிட்டு, மெரிமாவின் முக்காலிக்கு எதிரில் இருந்த மரக்கட்டையில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டினார்.

"அந்தப் பத்தொம்பதாவதைத் திரும்பக் கேக்கணும்னு இருக்கு உனக்கு."

இருந்தது. வாயில் வந்து நின்றது. பதினாலு வீட்டில் ஒரே ஒரு உண்மையான பதில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. பையில் வெற்றுப் படிவம் ஒன்று மிச்சம் இருந்தது. அதை நிரப்பிக் கொண்டுபோனால் வெள்ளிக்கிழமை யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது.

"எழுதக் கேக்கிறியா, தெரிஞ்சுக்கக் கேக்கிறியா?" என்றார் ரெஃபிக்.

கடையில் நல்ல துணி ஒன்றைக் கையில் வாங்கினால் அப்பா விலை சொல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருப்பார், அந்த மாதிரி மெரிமா கேள்வியைக் கையில் வைத்திருந்தாள். பிறகு நோட்டை மூடி, பேனாவை அதற்குள் செருகி, முட்டைக்கோஸ் இலைகள் குவிந்திருந்த பக்கம் தள்ளி வைத்தாள்.

ரசியா குனிந்து தட்டைப் பார்த்தாள். மூன்றாவது காபி யாரும் தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. அவள் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வேலியோரம் கவிழ்த்தாள். குழாயடியில் உட்கார்ந்து கழுவினாள், வண்டல் ஒட்டியிருந்த அடியைக் கட்டைவிரலால் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி கழுவினாள். உள்ளே போய் நாலாவதாக ஒரு கோப்பையையும் எடுத்து வந்தாள். கொட்டகையில் திட்டம் ஒரு தடவை கத்தியது. செம்புக் குவளையில் புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டு, முதல் காபிக்கு எவ்வளவு தூள் போடுவாளோ அவ்வளவு அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கொதிப்பதற்காக நின்றாள்.